கொள்ளைநோயும் சமநீதியும்

கொள்ளைநோய்க்குச் சாதியில்லை, சமயமில்லை, செல்வர் வறியர் என்னும் வேற்றுமையுமில்லை என்பது நோய் பரவுங் காலந்தோறும் கேட்கப்படுகின்ற ஒரு வாசகம். 2020ஆம் ஆண்டிலே கொவிட்-19 என்னும் நோய் உலகெங்கும் பரவியபோதும் இவ்வாசகம் மேடைகளிலும் வானொலியிலும் பத்திரிகைகளிலும் ஓயாது ஒலித்தது. கிருமியை மாத்திரம் நோக்குவோர்க்கு இஃது உண்மையே. கிருமி எவருடைய குலத்தையும் கேட்டறிந்து நுழைவதில்லை. ஆயின், அக்கிருமி ஒருவரை வந்தடையும் வழியும், வந்தடைந்தபின் அவர் உயிர்தப்பும் வழியும், அதனைத் தடுக்கும்பொருட்டு அரசு இடுகின்ற கட்டளையை அவர் தாங்கிக்கொள்ளும் வழியும் அவருடைய வீடு, தொழில், உணவு, கல்வி என்பவற்றைச் சார்ந்தனவாகும். இவை மக்களுக்கிடையே ஒத்தனவாக இல்லாதபோது நோயின் விளைவும் ஒத்ததாக இருத்தல் இயலாது.

எல்லார்க்கும் ஒரே சொல்லில் விதிக்கப்படுகின்ற கட்டளை ஏன் எல்லார்மீதும் ஒரே பாரமாக விழுவதில்லை? அதன் காரணம் யாது? இனி ஒரு கொள்ளைநோய் வருமாயின் நாம் செய்யற்பாலது யாது? இவ்வினாக்களைப் பெரும்பாலும் நமது இலங்கையின் அனுபவத்தைக் கொண்டு ஈண்டு ஆராய முயல்வாம். கல்லூரியின் விழா மலரிலே நோயையும் இறப்பையும் பற்றி எழுதுதல் பொருந்துமோ எனச் சிலர் கருதலாம். கற்றோர் தம் காலத்து நிகழ்ச்சிகளை ஆராய்ந்து தெளிதல் கல்வியின் கடன்களுள் ஒன்றாதலின், பொருந்தும் என்பதே நமது துணிபு.

முன்னைய சான்றுகள்

நோய் வேற்றுமை பாராட்டுவதில்லை என்னும் வாசகத்தைச் சோதித்தற்கு நூறாண்டுக்கு முந்திய ஒரு கணக்கை முதலில் நோக்குவாம். 1918ஆம் ஆண்டிலே இன்புளுவென்சா நோய் பம்பாய் நகரைத் தாக்கியது. அந்நகரச் சுகாதாரப் பகுதியினர் இறந்தோரைச் சமூகம் சமூகமாகப் பிரித்துக் கணக்கிட்டனர். ஐரோப்பியருள் ஆயிரவர்க்கு 8.3 பேர் இறந்தனர். தாழ்த்தப்பட்ட சாதியினராகிய இந்துக்களுள் ஆயிரவர்க்கு 61.6 பேர் இறந்தனர். ஏனைய இந்துக்களுள் அத்தொகை 18.9 ஆகும். நகரம் ஒன்று, நோயும் ஒன்று, பருவமும் ஒன்று. அங்ஙனமிருந்தும் ஒரு சாராரின் இறப்பு வீதம் மற்றொரு சாராரினதிலும் ஏழு மடங்குக்கு மேற்பட்டது. காற்றோட்டமற்ற ஒற்றையறையிற் பலர் நெருங்கி வாழ்ந்தமையும், காய்ச்சலோடும் கூலிவேலைக்குச் செல்லவேண்டியிருந்தமையும், படுத்த பின் பார்ப்பாரின்மையும் ஊட்டமான உணவின்மையுமே இவ்வேற்றுமையைத் தோற்றுவித்தன. கிருமி சாதி அறியாது. ஆனாற் சாதி மனிதனை எங்கே குடியிருத்துகின்றதோ அங்கே கிருமிக்கு வழி எளிதாகின்றது.

இரண்டாவது சான்று நம் நாட்டினது. 1934ஆம் ஆண்டிலே மழை பொய்த்தது. தெற்கிலும் மேற்கிலும் எக்காலமும் நீர் பெருகியோடும் ஆறுகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்கின. அக்குட்டைகளிலே மலேரியாவைப் பரப்பும் நுளம்பு பெருகிற்று. அவ்வாண்டின் இறுதியில் தொடங்கி 1935ஆம் ஆண்டிலும் நீடித்த அக்கொள்ளைநோயில் ஏறத்தாழ எண்பதினாயிரம் பேர் மாண்டனர் என்பர். கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் பெரிதும் அழிவுற்றன. இறந்தோருட் பெருந்தொகையினர் குழந்தைகளும் சிறுவருமாவர். உலகப் பொருளாதார மந்தத்தால் விலைகள் வீழ்ந்து, வரட்சியால் நெல்லும் பொய்த்து, கிராமத்தவர் அரை வயிற்றுக்கும் உணவின்றி இருந்த காலம் அது. உதவிக்குச் சென்ற சூரியமல் இயக்கத்துத் தொண்டர், வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா முதலியோர், கொயினா மருந்தோடு உணவையும் கொடுத்தாலன்றி உயிர் தங்காது என்பதைக் கண்டனர். காய்ச்சல் கொன்றவரையும் பசி கொன்றவரையும் வேறு பிரித்தறிதல் அரிதாயிருந்தது.

இவ்விரு சான்றுகளும் காட்டுவது ஒன்றே. கொள்ளைநோய் ஒரு நாட்டிலே புதிய ஏற்றத்தாழ்வை உண்டாக்குவதிலும் பார்க்க, ஏற்கெனவே உள்ள ஏற்றத்தாழ்வை விரைவாகவும் கொடிதாகவும் புலப்படுத்துகின்றது.

கட்டளையும் அது கருதும் குடும்பமும்

கொள்ளைநோய்க் காலத்தில் நமது அரசு கையாண்ட முதன்மையான சட்டம் 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். தொற்றுக்காப்பும் நோய்த்தடுப்பும் பற்றிய அச்சட்டம், பம்பாயிற் பிளேக்கு நோய் பரவிய காலத்திலே குடியேற்ற நாட்டு அரசினரால் ஆக்கப்பட்டது. கப்பலையும் துறைமுகத்தையும் நோயுற்ற வீட்டையும் மறித்துவைக்கும் அதிகாரத்தை அது வழங்குகின்றது. மறித்துவைக்கப்பட்டவர் அக்காலத்தில் எதனை உண்பார் என்னும் வினா அதன் முதன்மைக் கருத்தன்று. தோட்டங்களுக்குத் தொழிலாளராக வந்த தென்னிந்தியத் தமிழர், கடலைக் கடக்குமுன் இராமேசுவரத்துக்கு அணித்தான மண்டபத்திலே இலங்கை அரசினர் நடத்திய முகாமில் சில நாட்கள் தடுத்துவைக்கப்பட்டு, நோய்ச் சோதனை முடிந்த பின்னரே அனுப்பப்பட்டனர் என்பதையும் நாம் நினைவுகூர்தல் தகும். நோய்த்தடுப்பின் வேலி தொழிலாளரைச் சூழ்ந்து முதலில் இடப்படுதல் நெடுநாளைய வழக்கமாகும்.

கட்டளை ஒன்று எழுதப்படும்போது அதனை எழுதுவோர் மனத்திலே ஒரு குடும்பம் இருக்கின்றது. அக்குடும்பத்துக்கு ஒரு தனி வீடுண்டு, அவ்வீட்டில் நோயாளியைப் புறம்பாக இருத்த ஓர் அறையுண்டு, குழாயிலோ கிணற்றிலோ வேண்டிய நீருண்டு, ஒரு மாதத்துக்குச் சமைக்க அரிசியும் பருப்புமுண்டு, வங்கியிற் சிறிது பணமுண்டு, வேலைக்குப் போகாவிடினும் மாதமுடிவிற் சம்பளமுண்டு, பிள்ளைக்குக் கைபேசியுண்டு. இவையெல்லாம் உள்ள குடும்பத்துக்கு ‘வீட்டிலிரு’ என்னும் கட்டளை ஒரு சிறு வசதியீனம். இவற்றுள் ஒன்றில்லாத குடும்பத்துக்கு அது துன்பம். ஒன்றுமே இல்லாத குடும்பத்துக்கு அது பட்டினி. எழுதுவோரிடத்துக் கொடுமை இருந்ததெனக் கூறவேண்டியதில்லை. எழுதுவோரின் மனத்திலுள்ள குடும்பம் பெரும்பாலும் அவர்தம் குடும்பமே என்பதை உணர்ந்தாற் போதும்.

ஊரடங்கும் நாட்கூலியும்

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11ஆந் தேதி உலக சுகாதார நிறுவனம் கொவிட்-19 நோயை உலகப் பெருந்தொற்று எனப் பிரகடனஞ் செய்தது. அம்மாதம் 20ஆந் தேதி மாலை இலங்கை முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. அதே மாத நடுப்பகுதியில் அரியாலையில் நடைபெற்ற வழிபாட்டுக் கூட்டம் ஒன்றையடுத்து யாழ்ப்பாண மாவட்டமும் அபாயமிக்க மாவட்டங்களுள் ஒன்றாகக் கொள்ளப்பட்டு நீண்ட ஊரடங்குக்கு உட்பட்டது. தொடக்கத்திலே இத்தகைய கடுமை நோயின் வேகத்தைக் குறைத்தது என்பதை மறுத்தல் நேர்மையாகாது. எனினும், அந்நன்மைக்கு விலை கொடுத்தவர் யாவர் என்பதே நமது வினா.

அரச உத்தியோகத்தர் வீட்டிலிருந்தும் சம்பளம் பெற்றனர். மேசனுக்குக் கையாளாக நிற்பவன், முச்சக்கரவண்டி ஓட்டுபவன், சந்தையிற் கடகத்தோடு இருந்து கீரை விற்கும் பெண், சலவைத் தொழிலாளி, வீட்டுவேலை செய்பவள், கடலிற் பிறருடைய வள்ளத்திற் பங்குக்குப் போகின்றவன் ஆகிய இவர்களுடைய உலை அன்றன்றைய உழைப்பால் அன்றன்று கொதிப்பது. அவர்களுக்கு ஊரடங்கின் மூன்றாம் நாளே நெருக்கடி நாளாயிற்று. பொருள்கள் வாகனத்தில் வீட்டுவாயிலுக்கு வரும் என்று அறிவிக்கப்பட்டது. வாங்கக் கையிற் பணமுள்ளோர்க்கே அவ்வாகனம் நின்றது. ஊரடங்கை மீறினார் என அவ்வாண்டு மே மாத இறுதிக்குள் அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதுசெய்யப்பட்டனர். அவ்வூரடங்குக்குரிய சட்ட அடிப்படை யாது எனச் சட்டத்தரணிகள் சிலர் அப்போதே வினவினர்.

கைகழுவுதலும் அன்ன ஒரு செய்தியே. செலவில்லாத மருந்தெனச் சொல்லப்பட்ட அது நீருள்ளவர்க்கே செலவில்லாதது. கொழும்பு வடக்கின் நெருக்கமான குடியிருப்புகளிலே பல குடும்பங்கள் ஒரு குழாயையும் ஒரு மலசலகூடத்தையும் பகிர்ந்துகொள்கின்றன. 2020ஆம் ஆண்டின் இறுதியில் மட்டக்குளி, முகத்துவாரம் முதலிய பகுதிகள் வாரக்கணக்காக அடைக்கப்பட்டபோது, விலகியிருத்தற்குரிய இடமே இல்லாதவர் விலகியிராமைக்குப் பழிக்கப்பட்டனர். நமது குடாநாட்டை நோக்கினும் நாம் பெருமைகொள்ள இடமில்லை. கிணற்றில் நீரள்ளும் உரிமைக்கும் ஆலயத்துட் புகும் உரிமைக்கும் போராட்டம் நிகழ்ந்த காலம் நெடுந்தொலைவில் இல்லை. மாவிட்டபுரத்து நிகழ்ச்சிகள் 1968ஆம் ஆண்டில் நடந்தவை. சொந்தக் காணியும் சொந்தக் கிணறுமின்றிப் பிறர் நிலத்தை அண்டிவாழும் குடிகள் இன்றும் நம்மிடையே உளர். கைகழுவுக என அவர்க்கு உபதேசித்தற்கு முன் அவர் எங்கே நீரள்ளுவார் என எண்ணுதல் முறையாகும்.

ஐயாயிரம் ரூபா

அரசு ஒன்றுஞ் செய்யாதிருந்தது எனக் கூறுதல் பொருந்தாது. வறிய குடும்பங்களுக்கும் வருவாய் இழந்தோர்க்கும் முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர் முதலியோர்க்கும் 2020ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் ஐயாயிரம் ரூபா வீதம் கொடுக்கப்பட்டது. சமுர்த்தி உத்தியோகத்தரும் கிராம சேவையாளரும் நோயச்சத்தின் நடுவே வீடுவீடாகச் சென்று அதனைச் சேர்ப்பித்தனர். அவர்தம் உழைப்புப் போற்றுதற்குரியது. எனினும் உதவி சென்றடைந்தவாறு ஆராய்தற்குரியது.

திருவீழிமிழலையிலே பஞ்சம் உற்றபோது திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் இறைவன் நாடோறும் அருளிய காசைக் கொண்டு அடியார்க்கு அமுதளித்த வரலாற்றை நாம் இளமையிற் கற்றோம். இருவர்க்கும் கிடைத்தது ஒவ்வொரு காசே. ஆயினும் அப்பருடைய மடத்தில் உரிய வேளையில் அமுது ஆயிற்று. சம்பந்தருடைய மடத்திலோ காலந் தாழ்ந்தது. காரணம் வினவியபோது, சம்பந்தர் பெற்ற காசுக்குக் கடைக்காரர் வட்டங் கேட்டமையால் பண்டம் வாங்கப் பிந்தியது எனத் தெரிந்தது. சமயப் பொருளை அறிஞர் பலவாறு விரிப்பர். நமது ஆராய்ச்சிக்கு வேண்டுவது இதுவே: உதவியின் அளவு கொடுக்கும் இடத்தில் அறியப்படுவதன்று, அடுப்படியில் அறியப்படுவது.

இருவர் வாழும் வீட்டுக்கும் எண்மர் வாழும் வீட்டுக்கும் ஐயாயிரம் ஒன்றே. சங்கக்கடை அருகிலுள்ளவர்க்கு அது ஓரளவு அரிசியும் மாவும் ஆயிற்று. நெடுந்தூரத்திலுள்ளவர்க்கு அதிற் சிறிது வழிச்செலவாயிற்று. கடனாளிக்கு அது கைக்கு வருமுன்னரே கடைக்காரன் கணக்கிற் கழிந்தது. இவற்றிலும் பெரிது பதிவுபற்றிய இடர்ப்பாடு. பதிவுகள் ஒருவர் பிறந்து வாக்களிக்கும் ஊரில் இருப்பன. வேலையின்பொருட்டு நகரிற் சென்று அறையெடுத்து வாழ்வோரின் பசியோ அவர் உறங்கும் ஊரில் இருப்பது. அவ்வூர்க் கிராம சேவையாளரின் ஏட்டில் அவர்க்குப் பெயரில்லை. பெயருள்ள ஊருக்குச் செல்ல ஊரடங்கு விடவில்லை. இவ்வாறு இரண்டு ஊர்க்கும் இடையே பலர் கணக்கில் வாராது ஒழிந்தனர்.

வறுமையின் அழுத்தம் எத்துணையது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுவாம். 2020ஆம் ஆண்டு மே மாதம் 21ஆந் தேதி, நோன்புப் பெருநாளுக்குச் சில தினங்களுக்கு முன், கொழும்பு மாளிகாவத்தையிலே தனவந்தர் ஒருவர் ஏழைகளுக்குப் பணம் பகிர்ந்தளித்தார். கூடிய கூட்டத்தின் நெரிசலிற் சிக்கி மூன்று பெண்கள் உயிரிழந்தனர். நோய்க்கு அஞ்சி வீட்டிலிருக்கவேண்டிய காலத்தில், சிறு தொகையொன்றின்பொருட்டுப் பெண்கள் உயிரைப் பணயம் வைத்து நின்றனர் என்றால், அவர்கள் வீட்டு உலை எந்நிலையில் இருந்தது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மலையகமும் தொழிற்சாலைகளும்

நாடெங்கும் வீட்டிலிருக்கப் பணிக்கப்பட்ட காலத்திலே வேலைக்கு வரப் பணிக்கப்பட்டோரும் உளர். தேயிலை நாட்டுக்கு அந்நியச் செலாவணி தருவது. கொழுந்து முற்றுமுன் பறிக்கப்படவேண்டுவது. ஆதலின் தோட்டங்கள் இயங்க அனுமதிக்கப்பட்டன. 1883ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவந்த கொழும்புத் தேயிலை ஏலம், 2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே சின்னாட்களுக்குள் இணைய வழிக்கு மாற்றப்பட்டது. வாங்குவோரும் விற்போரும் தத்தம் இல்லத்திலிருந்தே விலை கூறினர். கொழுந்து பறிக்கும் கைக்கு அத்தகைய வழி ஏது? அவள் விடியலிற் பிரட்டுக் களத்துக்குச் சென்றே ஆகவேண்டும். அக்காலத்தில் அவளுடைய அடிப்படை நாட்சம்பளம் எழுநூறு ரூபா. குறித்த நிறைக்குக் கொழுந்து குறையின் அதுவும் அரைப் பேராகும். ஆயிரம் ரூபாச் சம்பளம் 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலேதான் வர்த்தமானி மூலம் சட்டமாயிற்று.

வேலை முடிந்து அவள் திரும்பும் இடம் லயத்து அறை. வெள்ளையர் காலத்திலே கட்டப்பட்ட அவ்வரிசை வீடுகளில், ஒரு சுவருக்கு இப்பால் ஒரு குடும்பமும் அப்பால் ஒரு குடும்பமும் வாழ, ஓரறையிலே மூன்று தலைமுறையினர் உறங்குகின்றனர். நோயுற்றவரைப் புறம்பாக இருத்துக என்னும் சுற்றுநிருபத்துக்கு அவ்வறையிற் பொருளில்லை. கொவிட் வருமுன்னரே, 2019ஆம் ஆண்டின் அரச கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களுள் நூற்றுக்கு 14.3 பேர் வறுமைக்கோட்டின் கீழ் இருக்க, தோட்டத்துறையில் அத்தொகை 33.8 ஆக இருந்தது. அந்நிலையிலிருந்தே அவர்கள் கொள்ளைநோய்க்குட் புகுந்தனர். கொழும்புக் கடைகளிலும் வீடுகளிலும் வேலைசெய்து மலைக்குப் பணம் அனுப்பிய இளைஞரும் பெண்களும் வேலையிழந்தனர். 2020ஆம் ஆண்டு தீபாவளியை அடுத்து மேல் மாகாணத்திலிருந்து வெளியேறுதல் தடுக்கப்பட்டபோது, பண்டிகைக்குத் தாய்தந்தையர் முகங்காணவும் அவர்க்கு இயலவில்லை. நோயைப் பரவாது தடுத்தற்கு அத்தடை வேண்டப்பட்டது உண்மையே. பிள்ளைகளை வேலைக்கு அனுப்பியே வாழவேண்டிய ஒரு சமூகத்தின்மீது அது இருமடங்கு பாரமாக விழுந்ததும் உண்மையே.

ஆடைத் தொழிற்சாலைப் பெண்களின் நிலையும் ஈண்டுக் கருதத்தக்கது. கட்டுநாயக்காச் சுதந்திர வர்த்தக வலயம் 1978ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்டது. தொலைக் கிராமங்களிலிருந்து வந்த பெண்கள் அதனைச் சூழ்ந்த சிற்றறைகளிலே பலர் ஒருங்கே தங்கி வேலைசெய்கின்றனர். முதலாவது ஊரடங்கின்போது அவர்களுட் பலர் சம்பளமும் உணவுமின்றி அவ்வறைகளில் அகப்பட்டனர். அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் மினுவாங்கொடையிலே தொழிற்சாலையொன்றில் நோய் கண்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்க்குத் தொற்றியது. நாட்டுக்கு நோயைக் கொணர்ந்தவர் போல அப்பெண்கள் பேசப்பட்டனர். நெருங்கி நின்று தைக்கும் வரிசையை அவர்கள் அமைத்தவரல்லர். காய்ச்சலோடு வேலைக்கு வரும் வழக்கத்தையும் அவர்கள் விரும்பி ஏற்றவரல்லர்.

அதே மாதத்திற் பேலியகொடை மீன்சந்தையில் நோய் கண்டு சந்தை மூடப்பட்டது. மீனை உண்டால் நோய் வரும் என்னும் பயம் பரவிற்று. மீனுக்கு விலையின்றி வடகரைக் கடற்றொழிலாளரும் தவித்தனர். நோயே தீண்டாத கரையிலும் நோயின் நட்டம் வந்து சேர்ந்தது.

வெளிநாடுகளில் உழைத்தோர் திரும்பிவந்தபோதும் வகுப்பு வேற்றுமை தோன்றிற்று. பணமுள்ளோர் தாம் தெரிந்த விடுதியிற் கட்டணஞ் செலுத்தித் தனித்திருந்தனர். இல்லாதோர் படையினர் நடத்திய நிலையங்களிலே கூட்டமாக இருந்தனர். வளைகுடா நாடுகளிலே வேலையிழந்து விமானத்துக்காக மாதக்கணக்காகக் காத்திருந்தவர் பலர். நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்தோர் நாடு திரும்பும் வரிசையின் கடைசியில் நின்றனர்.

மூடிய பள்ளி

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாத நடுப்பகுதியிற் பாடசாலைகள் மூடப்பட்டன. இடையிடையே திறந்தும் மூடியும் ஏறத்தாழ ஈராண்டு கல்வி குலைந்தது. இணையவழிக் கல்வி அதற்கு மாற்றாகக் கூறப்பட்டது. ஆயின் அக்காலத்தில் இந்நாட்டு வீடுகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றிலேதான் கணினி இருந்தது. கைபேசி இருந்த வீட்டிலும் அது தந்தையோடு வேலைக்குப் போயிற்று. அல்லது மூன்று பிள்ளைகளுக்கு ஒன்றாயிருந்தது. ஊவாவின் மலைக்கிராமம் ஒன்றிலே மாணவரும் ஆசிரியரும் காட்டுவழியே நடந்து பாறையுச்சியில் ஏறி அலைவரிசை பெற்றுப் பாடம் நடத்திய செய்தி உலகப் பத்திரிகைகளிலும் வெளிவந்தது. அவ்வாசிரியரின் பற்றுக்கு நாம் தலைவணங்குவோம். ஆயின், பிள்ளையொன்று பாறையில் ஏறினாலன்றிப் பாடம் கேளாது என்னும் நிலை நாடு வியந்து பாராட்டற்பாலதன்று, நாணற்பாலது.

1940களில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியாற் பெற்ற இலவசக் கல்வியின் உயிர், பாடசாலை என்னும் கட்டடத்துள் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பலகையை நோக்கி இருப்பதிலே உள்ளது. அக்கட்டடம் மூடப்பட்டபோது கல்வி மீண்டும் வீட்டின் வசதியைப் பொறுத்ததாயிற்று. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையும் உயர்தரப் பரீட்சையும் பிற்போடப்பட்டு எல்லார்க்கும் ஒரே நாளில் நடத்தப்பட்டன. வினாத்தாள் ஒன்றே, அதனை எழுத வந்தோர் கடந்துவந்த மாதங்கள் ஒன்றல்ல. இடையிலே கூலிவேலைக்குச் சென்று பின் பள்ளிக்குத் திரும்பாத பிள்ளைகள் அவ்வினாத்தாளை எழுத வரவேயில்லை.

இறந்தோர்க்குரிய கடன்

இதுகாறும் கூறியவை கட்டளை எழுதுவோர் வேற்றுமையை நினையாமையால் விளைந்தவை. இனிக் கூறுவது அதனினும் கொடியது. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆந் தேதிய வர்த்தமானி, கொவிட் நோயால் இறந்தோரின் உடல்களைத் தகனஞ் செய்தலைக் கட்டாயமாக்கிற்று. அடக்கஞ் செய்தலும் ஏற்புடையதென உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தது. இறந்தாரைத் தகனஞ் செய்யும் நமக்கு அக்கட்டளையால் யாதும் இழப்பில்லை. இசுலாமியர்க்கோ அது தம் மார்க்கத்தின் இறுதிக்கடனை மறுப்பதாயிற்று; கிறித்தவர் பலர்க்கும் அது மனத்துயர் விளைத்தது. அதனை எதிர்த்த மனுக்களை உயர்நீதிமன்றம் 2020 டிசம்பர் 1ஆந் தேதி தள்ளிற்று. அம்மாதத்திலே பிறந்து இருபதே நாளான இசுலாமியக் குழந்தையொன்றின் உடல் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. பொரளை மயானத்து வேலியிலே மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டித் தம் துயரைத் தெரிவித்தனர்.

2021ஆம் ஆண்டு பெப்ருவரி 25ஆந் தேதி அடக்கத்துக்கு அனுமதி வழங்கப்பட்டு, மார்ச்சு மாதம் முதல் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியிலே உடல்கள் அடக்கஞ் செய்யப்பட்டன. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே துயில்கின்றனர். நாட்டின் எப்பகுதியில் இறந்தவரையும் அவ்வொரு நிலத்துக்கே கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. 2024ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கோரிற்று. மன்னிப்பு நன்றே, எனினும் எரிந்த உடல் மண்ணுக்குத் திரும்புவதில்லை. தமக்கு இழப்பில்லாத கட்டளை பிறர்க்கும் இழப்பற்றது என எண்ணுதலே இக்கொடுமைக்கு வாயிலாயிற்று. தன் வழிபாட்டுரிமையைப் பேணுஞ் சமூகம் பிறருடைய இறுதிக்கடனுக்காகவும் குரல்கொடுத்தல் வேண்டும்.

சிறைச்சாலைகளையும் மறத்தலாகாது. கொள்ளுந் தொகைக்கு மிகையாகக் கைதிகள் அடைக்கப்பட்ட மகரைச் சிறையிலே நோயச்சத்தால் எழுந்த கலகத்தில், 2020 நவம்பர் 29ஆந் தேதி பதினொருவர் உயிரிழந்தனர். அவர்க்கு விலகியிருக்கும் உரிமையுமில்லை, வெளியேறும் வழியுமில்லை.

செய்யற்பாலன

2022ஆம் ஆண்டின் முடிவுக்குள் இந்நாட்டிற் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொவிட் நோயால் இறந்ததாக அரசு பதிந்துள்ளது. நோயைத் தடுக்கக் கட்டளைகள் வேண்டும். கடுமையும் சிற்சில வேளை வேண்டும். நாம் வேண்டுவது கட்டளையின்மையை அன்று, கட்டளையிடுமுன் சிந்தனையை.

முதலாவது, ஊரடங்கு அறிவிக்கப்படும் அதே அறிவித்தலிலே நாட்கூலியாளரின் உணவுக்குரிய வழியும் கூறப்படல் வேண்டும். பூட்டு முன்னரும் சோறு பின்னருமாக வருதல் தகாது. இரண்டாவது, உதவிக்குரிய பதிவு நோயில்லாக் காலத்திலேயே, ஒருவர் உறங்கும் இடத்தைக் கொண்டும் குடும்பத்தின் தலைத்தொகையைக் கொண்டும் ஆயத்தஞ் செய்யப்படல் வேண்டும். மூன்றாவது, நோயுற்ற தொழிலாளி சம்பளம் இழவாது ஓய்வெடுக்கும் உரிமை தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் உறுதிப்பட வேண்டும். காய்ச்சலை மறைத்து வேலைக்கு வரும் நிலை நீங்கினால் நோயும் குறையும். நான்காவது, லயங்களும் நகரத்து நெருக்கக் குடியிருப்புகளும் மாறவேண்டும். தனி வீடும் நீரும் மலசலகூடமும் நோய்க்காலத்து மருந்துக்கு எவ்வகையிலும் குறைந்தனவல்ல. ஐந்தாவது, எந்தச் சமூகத்தின் கடனையும் தடுக்கின்ற விதி அச்சமூகத்தாரோடு ஆராயப்படாமல் எழுதப்படலாகாது. ஆறாவது, பாடசாலைகள் கடைசியாக மூடப்பட்டு முதலாவதாகத் திறக்கப்படல் வேண்டும்.

பழைய மாணவராகிய நமக்கும் ஒரு கடனுண்டு. ஊரடங்குக் காலத்திலே பல ஊர்களிற் பழைய மாணவர் சங்கங்களும் ஆலயங்களும் சனசமூக நிலையங்களும் உலருணவுப் பொதிகள் வழங்கின. கடல்கடந்த அன்பர்கள் பணம் அனுப்பினர். இவ்வறம் வாழ்க. ஆயின் பொதி ஒரு வாரத்துக்கு உதவும். பதிவேட்டில் ஒரு பெயர் ஆண்டுகளுக்கு உதவும். நம்முட் பலர் நிருவாக உத்தியோகத்தராயும் வைத்தியராயும் சட்டத்தரணியாயும் ஆசிரியராயும் கடமையாற்றுகின்றனர். கட்டளைகளை எழுதும் மேசைக்கு அருகிலோ, அவற்றை நிறைவேற்றும் இடத்திலோ அவர்கள் இருக்கின்றனர். அங்கே ஒரு கட்டளை முன்வைக்கப்படும்போது, ‘இதனை ஓரறையில் எண்மர் வாழும் வீடு எவ்வாறு நிறைவேற்றும்?’ என்னும் ஒரு வினாவை அவர்கள் எழுப்புவாராயின், அதுவே இக்கல்லூரி அளித்த கல்விக்குச் செலுத்தும் கைம்மாறாகும்.

மலேரியா இந்நாட்டைவிட்டு நீங்கியதென உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டிற் சான்றளித்தது. எண்பதினாயிரம் உயிரைக் கொண்ட நோயை எண்பது ஆண்டுப் பொதுச் சுகாதார உழைப்பு வென்றது. நுளம்பை வென்ற நாடு, நுளம்பு கடித்தவருள் ஏழையே முதலில் மாயும் நிலையையும் வெல்லுதல் அரிதன்று. அதற்கு வேண்டிய அறிவு நம்மிடம் உண்டு, மனமும் உண்டாகுக.